கறுப்புச் சட்டை போட்ட நடுவர்கள்

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய்ப் பத்து மாதமாகியும் அதற்கு வாய் வரவில்லை. கேட்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அம்மன் கோயில் திருவிழா முடிந்து, நாம் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார ஊரின் கால்சா கடற்கரைப் புல்வெளியில் விளையாட்டுப் போட்டி. ஓடியே தீருவேன் என்று நம் மகள் துளசி ஒற்றைக்காலில் நின்றாள். செத்த வீட்டார் வருடம் திரும்பும்வரை கோயில் கொண்டாட்டம் எதற்கும் போவதில்லையே! நான் விடவில்லை.

"அப்பாவுக்கு இன்னும் ஆட்டைத் திவசம் முடியேல்லை. சனம் என்ன கதைக்கும்?" என்றேன்.

"பஸ்தா, போதும் அம்மா! என்னை ஓடப் பழக்கினதே அப்பாதானே. அவருக்காகத்தான் ஓடப்போறன்."

பிள்ளை சொன்னது பிழையா? அன்றைக்கு எனக்குப் பிழையாகத்தான் பட்டது.

நீங்கள் மியூசியத்தில் தரை துடைத்தபடியே, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகள் சொல்வதையெல்லாம் காதில் வாங்கி வருவீர்கள். பழைய கிரேக்கர்களுக்கு ஓட்டமும் மல்யுத்தமும் சாமிக்குச் செய்யும் திருவிழாவாம். ஒலிம்பியாவில் முதலில் சாமி சிலைக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டுத்தான் இறங்குவார்களாம். "எங்கட கோயில் விளையாட்டும் அதுதானப்பா" என்பீர்கள். "முதல்ல சோத்தைச் சாப்பிடுங்கோ" என்று உங்கள் வாயை அடைத்துவிடுவேன். வெள்ளைக்கார எசமானி சிஞ்ஞோரா வீட்டில் நாள் முழுக்க வேலை செய்த அலுப்பில் எத்தனை கதையைக் கேட்காமல் விட்டேனோ!

துளசி எனக்குச் சொல்லாமலே போய்விட்டாள். கோயில் சபையார் எல்லாருக்கும் முன்னால் திருப்பி அனுப்பினால் பிள்ளை உடைந்துபோவாளே என்று பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால், வழக்கமாக வெள்ளை வெளேரென்று வருகிற நடுவர்கள் நாலு பேரும் கறுப்புச் சட்டையில் நிற்கிறார்கள்.

கோயில் தலைவர் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, கோவிக்காதையும். பழைய கிரேக்கர் காலத்திலை நெமேயா எண்டு ஒரு இடமாம். அங்கை பாம்பு கடிச்சுச் செத்த குழந்தையை நினைச்சுத்தான் போட்டியே வைச்சவையாம். நடுவர்மார் துக்கத்துக்குக் கறுப்புத்தான் உடுப்பினமாம். வுச்சீரியாச் சந்தையிலை கோப்பி குடிக்கேக்கை உம்மட மனுசன் சொல்லிச் சொல்லி எங்கட காது புளிச்சுப் போச்சு. அதுதான் அவருக்காக நாங்களும் கறுப்பு உடுத்தனாங்கள். கோயிலுக்குள்ளை திவசம் முடிய வாரும். இஞ்சை பிள்ளை தேப்பனுக்காக ஓடட்டும்."

அந்த இடத்திலேயே அழுதேன். வெட்கப்படவில்லை. நீங்கள் கதைத்த கதையெல்லாம் வீணாய்ப் போகவில்லை. எனக்கு யாருமில்லை என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், விசரி! இந்த மனிதர்களை எங்களுக்கு வைத்துவிட்டுப் போனதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

துளசி முதலாவதாக வரவில்லை, மூன்றாவதுதான். சியாகுல்லி தோட்டத்தில் மாண்டரின் தோடம்பழம் பிடுங்குகிறவரின் மகள் கடைசியில் முந்திவிட்டாள். ஆனால் நான் எல்லைக்கோட்டில் நின்று கத்திய கத்தல் இருக்கிறதே! "ஓடு பிள்ளை! அப்பா பாக்கிறார், ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மூச்சு வாங்க வந்து என்மேல் விழுந்தாள். "அம்மா, நீங்களே கத்தினது?"

"ஓம்" என்றேன். சேலைத் தலைப்பால் அவள் வேர்வையைத் துடைத்துவிட்டேன்.

சனம் என்ன கதைத்தாலும் இனி இவளை மறிக்க மாட்டேன். அடுத்த திருவிழாவுக்கும் அவள் ஓடுவாள். கோட்டில் நின்று உங்களுக்கும் சேர்த்து நான் கத்துவேன்.

உங்கட மனுசி,
துளசியின் அம்மா