மாமன் மடி

9 ஜனவரி 1956, சாந்த் குருவா

மகள் காமாட்சிக்கு மாசியில் காது குத்துவதென்று முடிவு. என் மனைவி ஜெயபாரதியின் அண்ணன் ராமசந்திரன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, தோடுகூட வாங்கிவிட்டாராம். வீட்டில் பேச்செல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். தாய்மாமன் என்ற சொல் மட்டும் தமிழிலேயே நிற்கிறது.

17 ஜனவரி

ராமசந்திரன் வேலை பார்க்கும் மின் நிலையத்தின் கோப்பு வரி ஆபீஸில் என் மேசைக்கே வந்திருக்கிறது. அரசு அதை வாங்கப்போகிறது. முதலாளி முதலில் தன் மருமகன் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு எழுதிவைத்துவிட்டார். மருமகன் அரசுக்குக் கொழுத்த விலைக்கு விற்கிறார். அவர் பக்கத்துத் தீவான ரெயூனியனில் வசிப்பவர் என்பதால் லாபத்துக்கு வரி கிடையாதாம். விலையை மதிப்பிட்ட குழுவிலும் அவரே! யாருக்குக் காது குத்துகிறார்கள்? ஆட்சேபம் எழுதி அனுப்பினேன்.

2 பிப்ரவரி

விற்பனை நின்றது. முதலாளி ஆட்களின் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார். "வரி ஆபீஸைப் போய்க் கேளுங்கள்" என்றாராம்.

11 பிப்ரவரி

ராமசந்திரன் வந்தார். உட்காரவில்லை.

"மச்சான், உங்க கையெழுத்தால எங்க வீட்ல அடுப்பு எரியல. கி பு ஃபேர்?"

என்ன செய்வதென்று என்னையே கேட்கிறார். விவரம் சொன்னேன்.

"நியாயம் உங்க பக்கமே இருக்கட்டும். பிள்ளைங்களுக்கு அதையா ஆக்கிப் போடறது?"

ஜெயபாரதி காபி கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

12 பிப்ரவரி

ஜெயபாரதி அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

5 மார்ச்

மேலதிகாரி முசியே ஆல்பெர் கூப்பிட்டனுப்பினார். ஆட்சேபம் தள்ளுபடி, விற்பனை நடக்கும், வரி இல்லை. "நீங்கள் எழுதியது சரிதான்" என்று வேறு சொன்னார். சரி என்றால் ஏன் — ? வெட்கமாக இருந்தது. சம்பளமாவது வரும், மச்சான் வருவார், காது குத்திவிடலாம் என்று ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது. மனசு இப்படியுமா இருக்கும்?

24 மார்ச்

அரசு எடுத்துக்கொண்டது கட்டடம், இயந்திரம், கம்பிகள். ஆட்களை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ராமசந்திரன் வேலை தேடி மதகாஸ்கருக்குக் கப்பலேறிவிட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மனைவி அலமு வந்து தோட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். நான் தடுத்ததிலும் அவர் கெட்டார், தோற்றதிலும் அவரே கெட்டார்.

18 நவம்பர்

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சாயங்காலம் முதல் தடவையாக விளக்குப் போட்டோம். காமாட்சி அண்ணாந்து பார்த்துக் கைகொட்டினாள். அந்த வெளிச்சத்தில் அவள் மூளிக் காது பளிச்சென்று தெரிந்தது.

"என் மடியில் வைத்துக் குத்திவிடலாமா?" என்று கேட்டேன்.

"அண்ணன் வரட்டும்," என்றாள் ஜெயபாரதி. எழுந்து போய் விளக்கை அணைத்தாள். குழந்தை வெளிச்சம் கேட்டு அழுதது.