சிட்டுக் காட்டு முனையில் மாட்டியிருந்த சட்டை

கொண்டோவா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இத்ரிசாவுக்கு அம்மா எழுதுவது. டாங்காவில் துறைமுகத்து வேலைக்கு நடுவிலும் அல்லாவின் அருளால் உன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து யாராவது உனக்குப் போன் செய்து வேறு மாதிரி ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். சிட்டுக்கு மருந்தடிக்க வந்த விமானத்தைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

இந்த வருஷம் செம்மூக்குச் சிட்டுகள் வேறு இடமே இல்லாத மாதிரி நம் ஆற்றோர முள்காட்டில் வந்து இறங்கின. மழை பெய்து புல் நீண்டதும் ஆண்சிட்டுகள் பச்சைப் புல்லைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்து முடைய ஆரம்பித்தன, ஒரு வாரம் ஆகவில்லை, முள் தெரியாமல் மரமெல்லாம் கூடாகிவிட்டது. இவை எதையும் தனியாகச் செய்யாது என்று உனக்குத் தெரியும், எல்லாம் சேர்ந்தே முட்டையிடும், சேர்ந்தே பொரிக்கும். ஒரு நாள் காலையில் விறகுக்குப் போனால் மரத்தடியெல்லாம் முட்டை ஓடு. அன்றிலிருந்து தாயும் தகப்பனும் புழுவும் வெட்டுக்கிளியும் சுமந்துகொண்டு ஓயாமல் பறக்கின்றன, கீழே மொட்டைத்தலை நாரைகள் விழுகிற குஞ்சுக்குக் காத்து நிற்கின்றன. அந்தத் தகப்பன் சிட்டுகள் படும் பாட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், கூடவே நாளையும் எண்ணிக்கொண்டிருப்பேன். குஞ்சு கூட்டில் இருக்கும்வரைதான் நமக்கு அவகாசம். இறக்கை முளைத்து வெளியே வந்துவிட்டால் திசைக்கொன்றாகப் பரவி, பால் பிடித்த கம்புக் கதிரைக் கசக்கித் துப்பிவிடும், அப்புறம் மருந்தடிக்க ஓர் இடம் என்று இருக்காது.

அதனால் ஊர் கூடி விவசாய அதிகாரியை வரவழைத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சிட்டுகள் அடைகிற நேரம் விமானம் வரும் என்று முடிவானது. "அஸர் தொழுகைக்கு அப்புறம் காட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உன் அப்பா ஒருவர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேனீ கூடு கட்ட அவர் குடைந்து மாட்டிய தேன்கட்டைகள் எல்லாம் அந்த மரங்களில்தானே தொங்குகின்றன. "கம்பு தின்னது யாரு, பூவுல குந்துனது யாருன்னு அந்த மருந்துக்குத் தெரியுமா" என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினார். கட்டையின் வாயைப் புல் வைத்து அடைத்துவிட்டு வருகிறேன் என்றார். தேனீ எல்லாம் வீடு திரும்பிய பிறகுதானே வாயை அடைக்க முடியும், அதுவும் சிட்டு அடைகிற அதே நேரம்தான், போகவே கூடாது என்று சத்தம் போட்டேன். சரி என்று தலையாட்டினார். இந்த மனிதர் தலையாட்டினாலே நான் கதவைப் பூட்டியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரே மேட்டில் நின்றது. அவரைக் காணவில்லை. நான் காட்டுப் பாதை முனைக்கு ஓடினேன், அங்கே அவருடைய நீலச் சட்டை முள்ளில் மாட்டியிருந்தது. தேன்கட்டைக்குப் போகிறவன் துணிக்குள் தேனீ சிக்கக் கூடாது என்று சட்டையைக் கழற்றிப் பாதை முனையில் மாட்டுவதும், வெளியே வரும்போது எடுத்துப் போடுவதும் நம் வழக்கம். சட்டை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. விமானம் ஒரு வட்டம் தாழ்வாகப் போய்விட்டு மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. மேட்டுக்கு ஓடி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு "உள்ள ஆள் இருக்கு, எம் புருஷன் இருக்கார்" என்று கத்தினேன். அவர் ரேடியோவில் சொன்னார். விமானம் மருந்தடிக்காமலே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் உன் அப்பா ஆற்றுப் பக்கத்திலிருந்து வெறும் உடம்போடு நடந்து வருகிறார், முகம் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது. விமானம் வருவதற்கு வெகுநேரம் முன்பே தேனீக்கள் விரட்டியதில் மறுபக்கமாக ஓடி மணலில் புதைந்து கிடந்தாராம். "என்ன இங்க கூட்டம்" என்று வேறு கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

விமானம் அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டது, இனி இந்தப் பக்கம் வராதாம். நாம் மட்டும் பிந்தி விதைத்தோம், நம் கம்பு இன்னும் கதிர் விடவில்லை, அதனால் தப்பினாலும் தப்பும். ஊருக்கு அதுதான் ஆறவில்லை. காட்டை ஒட்டிய முதல் வயல் சிகுதானியுடையது, அவள் கம்பு இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது, ஐந்து பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் களி அதில்தான். கிணற்றடியில் என்னை நிறுத்தி, "இத்ரிசா அம்மா, உள்ள எம் புருஷன் இருந்திருந்தா நீ இப்படி விழுந்தடிச்சு ஓடியிருப்பியா?" என்று கேட்டாள். ஓடியிருப்பேன் என்று உடனே சொன்னேன். நான் சொன்ன வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், மகனே, ஓடியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டன. நான் கவணும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு சிகுதானி வயல் பரணில் ஏறி நின்றேன், உன் அப்பா இந்த முகத்தோடு எதிர்முனையில் நிற்கிறார். நம் வயலைப் பார்க்க ஆள் இல்லை, அது பரவாயில்லை. சிகுதானி தண்ணீர்க் குடத்தை எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான் இறங்கவில்லை. மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது, கதிர் முற்றும்வரை இப்படியே கத்த வேண்டும், இரண்டு பேரால் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லா உன்னையும் உன் கையில் இருக்கும் வேலையையும் காப்பாற்றட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்லவர்கள் எதிர்ப்படட்டும். முக்கியமானதை மறக்காதே, லீவு கேட்டுக் கிடைக்கிற முதல் பஸ்ஸில் வா. எனக்காக யாரிடமும் பேச வராதே, சிட்டு விரட்ட வா. இறங்கினதும் வீட்டுக்கு வர வேண்டாம். நேராகச் சிகுதானி வயலுக்குப் போ.

உன் அம்மா,
முவானாய்தி