கலைவாணியின் கடிதம்

செவ்வாய்க்கிழமை. நாள் முழுக்க மழை.

தேயிலைத் தோட்ட ஆபீசில் இன்று புது ஸ்டோரேஜ் பெட்டியைப் பொருத்தினேன். இனி நாலு கம்ப்யூட்டர்களின் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கும். எல்லாருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன்.

"வேலைய விட்டுப் போனவங்களோடத அழிச்சிருங்க தம்பி. வீணா இடத்த அடைக்கும்" என்றார் பெரிய கிளாக்கர்.

அப்படிப் போனவள் கலைவாணி மட்டும்தான். மூன்று வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்தவள், போன வருடம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அழிப்பதற்கு முன் அவளுடைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கொழுந்துக் கணக்குகளுக்கு நடுவே, தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு கடிதம். ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், இங்கேயே வேலை செய்ய விரும்புகிறேன் என்று இருந்தது. கடைசி நாளில் எழுதியது. அவள் அதைக் கொடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து வெகுநேரம் நின்றாள். "ஹட்டன் பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டேன். போக ஆசைப்படுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

மத்தியானம் அவளுக்கு மெசேஜ் போட்டேன். "உங்க லெட்டர இன்னைக்குத்தான் பார்த்தேன். போகாதீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க சொல்வீங்கன்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன். இப்ப என்னங்க செய்றது? அத அழிச்சிருங்க."

அழித்துவிட்டேன் என்று எழுதினேன். பெரிய கிளாக்கரிடமும் அப்படியே சொன்னேன்.

அழிக்கவில்லை. என் பாஸ்வேர்டுக்கு மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறேன்.

இங்கே மணி பதினொன்று. அங்கே எட்டரை இருக்கும். வேலை முடிந்து வந்திருப்பாள்.