மலர் எழுதிய வாக்கியம்

கார்த்திகை 9, வியாழன்

கல்யாணத்துக்கு இடம் பார்த்திருக்கிறேன், படித்தது போதும் என்று நான் கடிதம் போட்டதிலிருந்து மகள் மலர் சேலம் ஹாஸ்டலை விட்டு வீட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

இன்று அலமாரியில் அவளுடைய பள்ளிக்கூட இங்கிலீஷ் நோட்டு கிடைத்தது. ‘அகேப்’ என்ற சொல்லுக்கு அவளே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். எனக்கு அர்த்தம் புரியவில்லை; கடைக்கு வந்த வாத்தியாரிடம் நீட்டினேன். படித்ததும் சிரித்துவிட்டார்.

“கரியாலூர் அருவியாண்ட எங்கப்பா வாயைப் பொளந்துகினு நின்னாருன்னு உங்க பொண்ணு எழுதிக்கீதுங்க. அசந்துபோய் நிக்கறவங்களுக்குச் சொல்ற வார்த்தை. நீங்களா மொதலாளி? நம்ப முடியலியே!”

அவர் சொல்வது சரிதான். மலையில் புளி கொள்முதல் செய்யும்போது, எவ்வளவு நல்ல சரக்கானாலும் முகத்தில் காட்ட மாட்டேன். காட்டினால் விலை ஏறிவிடும். இருபது வருடப் பழக்கம். வீட்டிலும் அதே முகம்தான்.

ஆனால் அன்று நான் அருவியைப் பார்க்கவில்லை. பாறைமேல் ஏறி நின்ற அவளைத்தான் பார்த்தேன், எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று.

மாப்பிள்ளை வீட்டாரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இனி, ‘படி, ஆனால் ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ கண்ணு’ என்று அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். அதற்காக எடுத்த பேனாவில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.