எல்லாக் கடைக்கும் உன் நம்பர்

முறுக்கு எண்ணெய் வாசம் மூக்கில் ஏறினாலே எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. நம் முறுக்கு அக்கா தீபாவளிக்கு அடுப்பு மூட்டிவிட்டார். இன்று காலை சிகாமட்டில் அவர் கடையைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். செத்தவளைத் திட்டக் கூடாதாம். நீ செய்துவிட்டுப் போன வேலைக்கு வேறு என்ன செய்வது?

சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு நாம் இருவரும் இந்தத் தொழிலில் இறங்கியபோது இரண்டு வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள். சின்னக் கடைகளின் இணையப்பக்கத்தைச் சரிசெய்வது நான். ஒருமுறை வாங்கியவரை அந்தக் கடை மறக்காமல் விசாரிப்பதற்கு ஏற்பாடு செய்வது நீ. அதில் உன்னை அடிக்க ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். “மாமி, போன தீபாவளிக்கு நெய் உருண்டை வாங்கினீங்களே, பேரனுக்குப் பிடிச்சிருந்துச்சா?” என்று அக்கா கடையிலிருந்து தானாகச் செய்தி போகும். கீழேயே ஆர்டர் போடும் இணைப்பு இருக்கும். அக்காவே உட்கார்ந்து எழுதினார் என்றுதான் வாடிக்கையாளர்கள் நம்பினார்கள்.

ஆனால் எல்லாக் கடைக்கும் உன் நம்பரைத்தானே கொடுத்தாய்! உள்ளே நுழைய ஓடிபி உன் கைப்பேசிக்குத்தான் வரும். கடைக்காரர் பெயரிலேயே போடு என்று எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்?

“அவங்க பாஸ்வேர்டைத் தொலைச்சிட்டு நம்மளத்தான் தேடுவாங்க. நான் எங்கடி போகப் போறேன்?”

எங்கே போனாய்? மூவாரில் ஒரு நாற்காலிக் கடைக்கு வேலை முடித்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், எதிரே வந்த லாரியோடு போனாய். உன்னைப் பெட்டியில் வைத்தபோது உன் வீட்டுக்காரர் புடவையை வைத்தார், வளையலை வைத்தார், கடைசியில் கைப்பேசியையும் உன் கைக்குள் வைத்தார். “இது இல்லாம அவ இருக்க மாட்டா” என்று அவர் அழ, சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். நானும்தான் அழுதேன். அத்தனை கடைகளின் சாவியும் உன்னோடு எரிந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் அக்காவின் இணையப்பக்கத்தில் எவனோ புகுந்தான். நீ செய்து வைத்த செய்திகள் வழக்கம்போலத் தானாகவே போயின. இணைப்பைத் தொட்டவர்களுக்கு முறுக்குக்குப் பதில் சூதாட்டம் திறந்தது. மினுக்மினுக்கென்று காசு கொட்டும் படம், பக்கத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண். அதற்கு மேலே நம் அக்காவின் பெயர்!

“அலமாக்! என்னக்கா, ஜூடி கடை, சூதாட்டம்னு ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று லாயாங் லாயாங் ஊரிலிருந்து ஒருவர் கேட்டாராம். கோயில் கமிட்டி தன் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அக்காவுக்கு அந்த ஒரு மாத வியாபாரம்தான் வருடம் முழுவதும் சோறு. பிசைந்த மாவை அப்படியே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். “நான் யாருக்கும்மா கெடுதல் பண்ணேன்?” என்றார். என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. நுழைவதற்கான எண் உனக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நம்பரைத் திரும்ப எடுக்க உன் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அவர் மாட்டேன் என்றார். “அவ நம்பர இன்னொருத்தர் கையில எப்படிங்க குடுப்பேன்?” எனக்கு வந்ததே ஆத்திரம். “பெட்டிக்குள்ள போட்டு எரிக்கும்போது மட்டும் மனசு வந்துச்சா? அங்க ஒரு பொம்பள சோத்துக்கு வழியில்லாம நிக்கிறாங்க, உங்க பொண்டாட்டி பண்ண வேலையால!” என்று உன் வீட்டு வாசலிலேயே கத்தினேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கைப்பேசிக் கம்பெனி முகப்பில் உன் இறப்புச் சான்றிதழை நீட்டும் முன் அதிலிருந்த உன் பெயரை அவர் ஒருமுறை விரலால் தடவினார். அப்போதும் உன்மேல்தான் கோபம் வந்தது.

புது சிம்மை என் கைப்பேசியில் போட்டேன். ஓடிபி வந்தது. அன்று மாலைக்குள் சூதாட்டத்தைத் துடைத்து எறிந்துவிட்டு, புதுப் பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

“எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீயே வெச்சுக்க.”

“முடியாது! நாளைக்கு நானும் செத்துட்டா?” என்றேன். அக்கா அரண்டுபோனார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மன்னிப்புச் செய்தியையும் அவரே சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினோம். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். கோயில் கமிட்டி இந்த வருடமும் வரவில்லை.

அதன் பிறகு உன் நம்பரை எடுத்துவிட்டுக் கடைக்காரர் நம்பரைப் போடக் கடை கடையாக ஏறி இறங்கினேன். மாற்றும் ஒவ்வொரு முறையும் திரை ஒரே கேள்வியைக் கேட்கும்: இந்த எண்ணை நீக்கிவிடலாமா? ஆம் என்று அழுத்த வேண்டும். அழுத்தினேன். பூக்கடையில் அழுத்தினேன், தையற்கடையில் அழுத்தினேன், நீ கடைசியாகப் போன மூவார்க் கடையிலும் அழுத்தினேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியவளை, ஊர் ஊராகப் போய் உன்னை அழிக்க வைத்தாய். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது மிச்சம் நம் சொந்தப் பக்கம் ஒன்றுதான். அதற்கு மட்டும் ஓடிபி இன்னும் உன் நம்பருக்கே வருகிறது. உன் வீட்டுக்காரர் மாதாமாதம் பில் கட்டுகிறார், நான் சிம்மைச் சுமக்கிறேன். அதையும் என் பேருக்கு மாற்றுவதுதான் புத்தி. ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லித் திரிகிறேன்.

மாற்ற மாட்டேன், போடி.