பொன்னியின் மண்குதிரை

19-1-74, சனி

காலையில் பனி. துவைத்தது எதுவும் காயவில்லை. தையல் வகுப்புக்கு நாலே பெண்கள். மற்றவர்கள் பொங்கலுக்குப் போனவர்கள்தான், இன்னும் திரும்பவில்லை.

சாயங்காலம் நூல்நிலையம். பின்னறை அருங்காட்சியகத்தில், குழந்தைகள் சாமான் அலமாரியில் பம்பரம், சிலேட்டு, கிலுகிலுப்பை எல்லாம் இருக்கின்றன. நான் கொடுத்த மண்குதிரையைக் காணோம். என் தங்கை பொன்னி விளையாடியது. தேடினால் மூலையில், வயலில் கிடைத்த நடுகல்லுக்குக் கீழே. உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம், முன்னால் கற்பூரக் கரி.

வாட்ச்மேன் முனுசாமி: "அலமாரியில எடம் பத்தல டீச்சர், கல்லுக்கிட்ட வச்சேன். இண்டூர் பொம்பளைங்க வந்து, யாரோ இந்தக் கல்லு சாமி வேடியப்பனுக்கு வேண்டிக்கிட்டு வச்ச குதிரைன்னு பூச போட்டுட்டாங்க."

பொன்னி பெயர் எழுதிய அட்டை எங்கே?

"சாமிக்கு எதுக்குங்க சீட்டு. எடுத்துட்டேன்."

20-1-74, ஞாயிறு

தலைக்குக் குளித்தும் சூடு தணியவில்லை.

பொன்னி ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். போட்டோ கிடையாது. எங்கள் வீட்டு வழக்கப்படி அவள் பாவாடை, சொப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அப்பா ஒகேனக்கல்லில் ஆற்றில் விட்டார். குதிரையை மட்டும் நான் ஒளித்துக்கொண்டேன். எனக்குப் பத்து வயது. செய்தது சரி, இன்றும் சொல்வேன். பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை. எடுத்தால் பெற்ற ஆத்தாவே எழுந்து போய்விடும். பெயராவது எழுத்தில் நிற்கட்டும் என்றுதான் குதிரையைக் கொடுத்தேன்.

அரிசி ஊறப் போட மறந்துவிட்டது.

21-1-74, திங்கள்

அருங்காட்சியகச் செயலாளரிடம் நியாயம் கேட்டேன். "செவ்வாக்கெழமையானா உள்ள நுழைய முடியலீங்கம்மா, அவ்ளோ கூட்டம். அப்படியே இருந்துட்டுப் போவட்டும்." கூட்டம் என்றதும் மனுஷனுக்குப் பல்லெல்லாம் வெளியே.

அப்படியானால் குதிரையைக் கொடுங்கள், போகிறேன் என்றேன். முனுசாமி குறுக்கே வந்தான். "சாமிக்கு வச்சத வூட்டுக்கு எடுத்துட்டுப் போவக் கூடாதுங்க டீச்சர். சாத்துன துணியக்கூட யாரும் தொட மாட்டோம்."

துணி. நன்றாகச் சொன்னாய் முனுசாமி.

வரும் வழியில் சிவப்பு சாட்டின் கால் மீட்டர், வெள்ளை நூல்.

22-1-74, செவ்வாய்

வகுப்புக்கு லீவு விட்டேன். குதிரைக்குச் சேணம். சங்கிலித் தையலில் பெரிய எழுத்து: பொன்னி. வயது ஆறு. இது அவள் விளையாடிய குதிரை.

கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, முதுகில் போர்த்தி, வயிற்றுக்கடியில் இழுத்துத் தைத்தேன். செயலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, அவுத்துருங்க."

"நீங்களே அவுத்துக்குங்க சார்."

அவர் முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமிக்குச் சாத்துனதுங்களே." செயலாளர் அங்கிருந்த பெண்களைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கற்பூரம் ஏற்ற வந்த ஒரு பெண் சேணத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பொன்... னி. ஆருங்க பொன்னி?"

"என் தங்கச்சி."

இத்தனை வருஷத்தில் இன்னொரு வாயில் இன்றுதான் அந்தப் பெயர் கேட்டேன். அங்கேயே நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன.

மஞ்சள் பட்டால் சாட்டின் வீணாகும். மாற்றுச் சேணத்துக்குப் பச்சைத் துணி வாங்க வேண்டும்.

நாளை அந்தப் பெயரைச் சொல்லியே ஆத்தாவைக் கூப்பிடப் போகிறேன், பொன்னி குதிரையைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று. எழுந்து போனால் பின்னாலேயே போய்ச் சொல்வேன்.