அவளையும் ஆற்றுக்கு அழைத்துப் போ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி பிரார்த்தனை. அப்பா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து பேப்பரில் உன் பெயரைத் தேடுகிறார், செய்தி எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் பெயர் எப்படி வரும் என்றால், வரணும்ல என்கிறார். அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, முதல் கடி எனக்குத்தான். சமையலறைக்கு மின்விசிறி வாங்கினோம், கணக்கில் முதலில் ஆடம்பரம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு மருந்துச் செலவில் சேர்த்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய்.

சுற்றுச்சூழல் செய்தி எழுதப் பழக்குகிறாயே, அந்த வகுப்புப் பெண் ஒருத்திக்கு என் எண்ணைக் கொடுத்து, வெயிலால் வீட்டு வேலை எப்படி மாறியிருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாய் அல்லவா. நல்ல வாயாடி. பக்கத்துக் கட்டடத்து ஏசியெல்லாம் நம் சமையலறை ஜன்னலைப் பார்த்து அனல் ஊதுவதையும், அதனால் விடிவதற்குள் சமைத்துவிடுவதையும் சொன்னேன். அவள் விடவில்லை, திடீர்னு எதுக்கும்மா மாத்தினீங்க, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு என்று குடைந்தாள். போன மாதம் அடுப்படியில் மயங்கி விழுந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு பயம் வந்து, எம் பொண்ணுக்குத் தெரியக்கூடாதுடி என்றேன். நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்மா, ஆனா டாக்டர்கிட்ட போங்க, போயிட்டு எனக்குச் சொல்லணும் என்று என்னையே மிரட்டினாள். போனேன், உடம்பில் நீர் வற்றியதுதானாம், இப்போது கல் மாதிரி இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, அந்தப் பெண் நீ சமையல் நேரத்தை மாத்தின காரணத்தையே எழுதலை, கேட்டா திருதிருன்னு முழிக்கிறா, இப்படி அரைகுறையா எழுதுறவளை ஆத்துல ஆலைக் கழிவு கலக்குறதை விசாரிக்க எப்படிக் கூட்டிட்டுப் போறது என்று, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாடி, அவள் கேட்டாள். உன்னைவிட நன்றாகவே கேட்டாள், நீ சௌக்கியமா என்பாய், நான் சௌக்கியம் என்பேன், அத்தோடு சரி. உன்னிடம் திட்டு வாங்கியும் அவள் வாய் திறக்கவில்லை பார். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற தொழிலாளி இப்படிப்பட்டவளிடம்தானே மனம் விட்டுப் பேசுவான். அவளையும் அழைத்துப் போ. என் மயக்கத்தை இனி அவள் தாராளமாக எழுதட்டும், அம்மா சம்மதித்தாள் என்று சொல்.

ஆண்டவன் உன்னையும் உன் வகுப்புப் பிள்ளைகளையும் காக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடத்தான் கை போகும், எனக்கு ஒன்றும் இல்லை, முதலில் அவளுக்குப் போடு.

பிரியமுள்ள,
உன் அம்மா